கத்தட்டும் அந்தப் பையன்

என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி போன வாரம் இடைவேளையில் வந்து, ‘ஹாரி பாட்டர் அண்ட் தி ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ புத்தகத்தை என் மேசையில் வைத்தாள். நான்காம் அத்தியாயத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. “முதல் நாலு புக்கும் சூப்பர் மிஸ். இதுல இவன் சும்மா சும்மா எல்லார் மேலயும் எரிஞ்சு விழறான். ஃப்ரெண்ட்ஸைப் பார்த்துச் சந்தோஷப்படாம கத்துறான். எனக்கு இவனைப் பிடிக்கவே இல்ல” என்றாள்.

இதையே நான் பல வருடமாகப் பலரிடம் கேட்டுவிட்டேன். என் தம்பி சொல்லியிருக்கிறான், கூட வேலை பார்க்கும் ஆங்கில ஆசிரியை சொல்லியிருக்கிறார். அழுமூஞ்சி, தன்னைப் பற்றி மட்டுமே நினைப்பவன், ஐந்தாம் புத்தகத்தில் ஹாரி கெட்டுப்போய்விட்டான் என்று. எனக்கு அந்த ஏழு புத்தகங்களில் எது பிடிக்கும் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அந்தக் கோபத்துக்காகவேதான் சொல்வேன். பதினேழு வருடமாகப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பதினைந்து வயதுப் பையனை இவ்வளவு சரியாக எழுதிய மாயாஜாலக் கதை வேறு எதையும் நான் படித்ததில்லை.

இனி கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் புத்தகத்தைப் பற்றி. மந்திரப் பள்ளியில் படிக்கிற ஹாரி என்கிற பையனைப் பற்றி ஜே.கே. ரோலிங் எழுதிய ஏழு புத்தகங்களில் ஐந்தாவது. 2003 ஜூன் 21-ல் வெளிவந்தது. நான்காம் புத்தகத்துக்கும் இதற்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று வருட இடைவெளி. பிரிட்டிஷ் பதிப்பில் 766 பக்கம், 38 அத்தியாயம், வரிசையிலேயே நீளமானது. என் பிரதி கோவை உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் 200 ரூபாய்க்கு வாங்கியது. இந்தத் தடிமனுக்கு பேப்பர்பேக் தாங்காது. என்னுடையது நடுவில் முதுகு விட்டு, இரண்டு முறை செலோடேப் ஒட்டியாகிவிட்டது. பள்ளி நூலகத்துக்கு வாங்குகிறவர்கள் கெட்டி அட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆங்கிலம் கடினமில்லை. ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பிள்ளைகள் முதல் மூன்று புத்தகங்களைப் படித்துப் பழகிவிட்டு இதற்கு வருவது நல்லது.

சரி, அந்தப் பையனிடம் வருவோம்.

நான்காம் புத்தகத்தின் கடைசியில், 1995 ஜூனில், ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஹாரியின் கண் முன்னால் செட்ரிக் என்கிற பையன் கொல்லப்படுகிறான். போட்டிக் கோப்பையை இருவரும் சேர்ந்தே எடுத்துக்கொள்வோம் என்று செட்ரிக்கைக் கூப்பிட்டதே ஹாரிதான். பிணத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறான். அடுத்த சில நாட்களில் கோடை விடுமுறை. தன்னை வெறுக்கிற பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஐந்தாம் புத்தகம் அங்கே தொடங்குகிறது. அந்தக் கோடையிலேயே கொடுமையான வெயில் நாள். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடத் தடை, புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஹாரி வீட்டு ஜன்னலுக்குக் கீழே பூச்செடிப் பாத்தியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, உள்ளே ஓடுகிற டிவி செய்தியைக் கேட்கிறான். அவன் பெற்றோரைக் கொன்ற கொடிய மந்திரவாதி வால்டமார்ட் எங்காவது யாரையாவது கொன்றானா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். குப்பைத் தொட்டியிலிருந்து பழைய பேப்பரை எடுத்துப் படிக்கிறான். நண்பர்களின் கடிதங்களில் ஒரு விஷயமும் இல்லை. அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்பது மட்டும் புரிகிறது. பிறந்தநாளுக்கு அவர்கள் அனுப்பிய சாக்லேட் பெட்டிகளைக் கோபத்தில் பிரிக்காமலே எறிந்துவிடுகிறான். அன்று ராத்திரி பெரியம்மா வாடிப்போன கீரையைச் சாப்பாடாக வைக்கும்போது, எறிந்திருக்க வேண்டாமே என்று நினைக்கிறான். இந்த ஒரு இடம் போதும், எழுதியவருக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்பதற்கு. கோபத்தில் எறிகிறதும், பசியில் வருத்தப்படுகிறதும், அதை யாரிடமும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறதும் எனக்குத் தினமும் வகுப்பில் பார்க்கிற காட்சி.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த முதல் அத்தியாயத்தில் செட்ரிக்கின் பெயரை அவனிடம் வாய்விட்டுச் சொல்கிற ஒரே ஆள் பெரியம்மா மகன் டட்லி. ஹாரி ராத்திரி தூக்கத்தில் முனகுவதைக் கேட்டுவிட்டு, கிண்டல் செய்வதற்காகச் சொல்கிறான். அவன் மேல் அன்பு வைத்திருக்கிற அத்தனை பெரியவர்களும் அந்தக் கோடை முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். செத்தவனின் பெயர் அவன் காதில் விழுவது ஒரு முரடன் வாயிலிருந்து. அப்போதுதான் ஹாரி மந்திரக்கோலை டட்லியின் மேல் நீட்டுகிறான். அடுத்த நிமிடமே, மனிதர்களின் சந்தோஷத்தை உறிஞ்சுகிற டிமென்டர்கள் வருகின்றன. அந்த டட்லியையே காப்பாற்றுகிறான். காப்பாற்ற மந்திரம் போட்டதற்குப் பரிசாகப் பள்ளியிலிருந்து நீக்குகிறோம் என்று ஆந்தையில் கடிதம் வருகிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் என் மாணவி பஸ் டிக்கெட் வைத்த அந்த நான்காம் அத்தியாயம். தன் ஞானத்தந்தை சிரியஸின் வீட்டில் நண்பர்கள் ரானையும் ஹெர்மாயினியையும் பார்க்கிறான், கத்துகிறான். ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பேச்சு முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்தப் பெரிய எழுத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் கத்தத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் நடக்கிறது. ரான் தன் விரலைக் காட்டுகிறான். ஆழமான வெட்டுக்காயம், பாதி ஆறியிருக்கிறது. ஒழுங்காக நீளமான பதில் வரும் வரை கொத்திக்கொண்டே இரு என்று ஹாரி தன் ஆந்தையிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அது அப்படியே செய்திருக்கிறது. ஹெர்மாயினியின் கையிலும் அதே மாதிரிக் காயம். ஹாரி அதைப் பார்க்கிறான், பெரிதாக வருத்தப்படவில்லை.

இது தப்புதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ரானும் ஹெர்மாயினியும் பள்ளித் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரிடம் சத்தியம் செய்து கொடுத்ததால் எழுதாமல் இருந்தவர்கள். அவர்கள் மேல் பாய்வது அநியாயம். ஆனால் கோபம் எந்த நாளில் சரியான விலாசத்துக்குப் போயிருக்கிறது? டம்பிள்டோர் கையில் கிடைக்கவில்லை, மந்திர உலகத்து மந்திரி கிடைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்பவர்கள், அடித்தாலும் விட்டுப் போகமாட்டார்கள் என்று நம்புகிற இரண்டு பேர்தான். பிள்ளைகள் அம்மாவிடம் கத்துகிற அளவுக்கு வேறு யாரிடமும் கத்துவதில்லையே.

இங்கே என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியின் பெயரோ பையனின் பெயரோ வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் அப்பா திடீரென்று இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து பையன் வகுப்புக்கு வந்தான். ஆசிரியர்கள் அறையில் நாங்களாகவே முடிவு செய்தோம், அவனிடம் அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம், மனசு கஷ்டப்படும் என்று. நல்ல எண்ணத்தில்தான். ஒரு மாதம் கழித்து முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பையன் காம்பஸைக் கேட்டான் என்பதற்காக ஜியோமெட்ரி பாக்ஸைத் தூக்கிச் சுவரில் அடித்தான். எல்லாம் சிதறியது. நான் அவனை வெளியே நிற்கச் சொன்னேன். ஒரு பீரியட் முழுக்க வராந்தாவில் நின்றான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் வந்து நின்று, “யாருமே எங்க அப்பா பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்கறீங்க மிஸ்” என்றான்.

அன்று இரவு நான் இந்தப் புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன். முன்பு படித்தபோது எனக்கும் ஹாரி கத்துவது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டிருந்தது. அதற்கப்புறம் பட்டதில்லை.

ஒருவன் கத்துகிறான் என்றால் அவனுக்கு யார் என்ன சொல்லாமல் விட்டார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தப் புத்தகம் 766 பக்கமும் அதைத்தான் கேட்கிறது. டம்பிள்டோர் அந்த வருடம் முழுக்க அவன் முகத்தையே பார்ப்பதில்லை. ஆகஸ்ட் 12-ல் அந்த நீக்கம் பற்றிய விசாரணை நடக்கிறது. டம்பிள்டோர் வந்து, வாதாடி, அவனை மீட்டு, ஒரு பார்வைகூடப் பார்க்காமல் போய்விடுகிறார். செய்தித்தாள் அவனைப் பொய்யன் என்கிறது. ஒரே அறையில் தூங்குகிற ஷேமஸ், தன் அம்மாவே நம்பவில்லை என்கிறான். நடந்ததைப் பார்த்தவன் இவன் ஒருவன்தான். சொன்னால் பொய் என்கிறார்கள், கேட்டால் பதில் இல்லை. இத்தனைக்கும் நடுவில் அவன் சிரித்த முகமாகச் சுற்றி வந்திருந்தால் எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை போயிருக்கும்.

அப்புறம் அம்ப்ரிட்ஜ் என்கிற புது ஆசிரியை. ரோஸ் கலர் ஸ்வெட்டர், சுவர் முழுக்கப் பூனைக்குட்டிப் படம் போட்ட தட்டுகள், குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெல்லிய குரல். வால்டமார்ட் திரும்பி வந்துவிட்டான் என்று வகுப்பில் சொன்னதற்காக ஹாரிக்கு அவர் கொடுக்கிற தண்டனையை நம் ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இம்போசிஷன். நான் பொய் சொல்லக் கூடாது என்கிற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். மை கிடையாது. அவன் எழுத எழுத அந்த எழுத்துகள் அவனுடைய வலது புறங்கையில் வெட்டிக்கொண்டு விழுகின்றன. தாளில் இருப்பது அவன் ரத்தம். நானும் இம்போசிஷன் கொடுத்திருக்கிறேன். இந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த அறையில், முதல் வரியில் வலியில் மூச்சிழுத்ததோடு சரி, அப்புறம் அவன் முனகக்கூட இல்லை. நான்காம் அத்தியாயத்தில் வீடு அதிரக் கத்தியவன், இங்கே வாயைத் திறப்பதில்லை. அந்த அம்மாள் முன்னால் வலியைக் காட்டக் கூடாது என்கிற வைராக்கியம். டம்பிள்டோரிடம் போய்ச் சொல் என்கிறான் ரான். மாட்டேன் என்கிறான். ஜூனிலிருந்து பேசாதவரிடம் போய் நிற்பதா என்கிற ரோஷம். அழுமூஞ்சி என்று அவனைச் சொல்பவர்கள் இந்தப் பக்கங்களை எப்படித் தாண்டிப் போனார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

அதே அம்ப்ரிட்ஜிடம் கத்தியதற்காக மெக்கோனகலிடம் அனுப்பப்படுகிற இடமும் எனக்கு உயிர். கண்டிப்பானவர், முகத்தில் சிரிப்பே வராதவர். திட்டுவார் என்று ஹாரி நிற்கிறான். ஒரு பிஸ்கெட் எடுத்துக்கொள் என்று டப்பாவை நீட்டுகிறார். அவனுக்கே புரியவில்லை. ஆசிரியர் வேலை பார்க்கிற யாரும் அந்தப் பிஸ்கெட்டை மறக்கக் கூடாது.

ஆனால் ஹாரியைப் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு நான் காட்ட விரும்புகிற இடம் பதினைந்தாம் அத்தியாயம். ராத்திரி, பொது அறையில் மூன்று பேர் மட்டும். கைக்காயத்துக்கு ஹெர்மாயினி ஒரு கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர் வைத்திருக்கிறாள். அதில் கையை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நீயே எங்களுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடு என்கிறார்கள் இருவரும். இதுவரை அவன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டு, பெருமையாக. அவன் முதலில் நெளிகிறான், எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்கிறான், அப்புறம் வெடிக்கிறான். எழுந்திருக்கிற வேகத்தில் கிண்ணம் விழுந்து உடைகிறது. பூனை பயந்து ஓடுகிறது. சாவு ஒரு நொடி தூரத்தில் நிற்கும்போது பாடத்தில் படித்தது எதுவும் உதவாது, உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது, செட்ரிக் மட்டும் என்ன முட்டாளா என்கிற பொருளில் கத்திக்கொண்டே போகிறான். அப்போதுதான் தெரிகிறது, இரண்டு மாதமாக அவன் கத்தியதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் என்று. அவனைப் பாராட்டினால்கூட அது செட்ரிக் செத்ததற்கு அவன் தப்புச் செய்தான் என்கிற மாதிரி அவன் காதில் விழுகிறது.

அதற்கடுத்து நடப்பது இன்னும் நல்ல இடம். அதற்காகத்தான் நீ வேண்டும், அவனை எதிர்கொள்வது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறாள் ஹெர்மாயினி. சொல்லும்போது, எல்லோரும் சொல்லப் பயப்படுகிற வால்டமார்ட் என்கிற பெயரை முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள். ஹாரி அடங்கி உட்காருகிறான். உடைந்த கிண்ணத்தை மந்திரத்தால் ஒட்டவைக்கிறான். பீங்கான் துண்டுகள் சேர்ந்துவிடுகின்றன, கொட்டிய மருந்தைக் கிண்ணத்துக்குள் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. இதை எழுதியவர் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நான் அங்கே ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன்.

கோபக்காரன் என்றால் அவன் சுயநலக்காரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரானுக்கு மாணவர் தலைவன் பட்டை கிடைத்து, தனக்குக் கிடைக்காதபோது ஹாரி தனியாக உட்கார்ந்து யோசிப்பதைப் படியுங்கள். பொறாமை வருகிறது. நான் அவனைவிட அதிகம் செய்தேனே என்று தோன்றுகிறது. உடனே தன்னையே குறுக்குக் கேள்வி கேட்கிறான்: பெரும்பாலான நேரம் ரானும் கூட இருந்தானே, பட்டை வேண்டும் என்று அவனா கேட்டான்? தன் மனசுக்குள் இருக்கிற அசிங்கத்தை இவ்வளவு நேர்மையாகப் பார்க்கிற பெரியவர்களையே நான் அதிகம் பார்த்ததில்லை. ஆசிரியர் ஸ்னேப்பின் நினைவுக்குள் புகுந்து, தன் அப்பா பதினைந்து வயதில், பையனாக இருந்த ஸ்னேப்பை எல்லோர் முன்னிலும் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்தியதைப் பார்க்கிற இடமும் அப்படித்தான். அவன் வெறுக்கிற ஆசிரியருக்காக அவனுக்கு வயிறு கலங்குகிறது. உயிரைப் பணயம் வைத்து அம்ப்ரிட்ஜின் அறைக்குள் போய், அடுப்பு வழியாகச் சிரியஸிடம் அவன் கேட்பது, என் அப்பா ஏன் அப்படி இருந்தார் என்று.

அவன் தப்புகளுக்கு வருகிறேன், அவை பெரியவை. மனத்தை மூடிக்கொள்கிற ஆக்லுமென்சி பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை. வால்டமார்ட்டின் மனத்திலிருந்து அவனுக்குத் திரும்பத் திரும்ப வந்த கனவின் முடிவைப் பார்க்க அவனுக்கே ஆசை இருந்தது. சிரியஸ் பிடிபட்டுவிட்டதாக வால்டமார்ட் அனுப்பிய பொய்க் காட்சியை நம்பினான். காப்பாற்றுகிறேன் என்று ஓடுவது உன் பழக்கம், அதையே வைத்து உன்னை இழுக்கலாம் என்று ஹெர்மாயினி எச்சரித்தபோது அவளிடம் எரிந்து விழுந்தான். சிரியஸ் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. அதில் இருந்தது ஒருவரோடு ஒருவர் பேசுகிற கண்ணாடி. பிரித்திருந்தால் சிரியஸ் வீட்டில்தான் இருக்கிறார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவனைக் காப்பாற்ற வந்த சிரியஸ் செத்தபிறகு பெட்டியின் அடியில் அதைக் கண்டுபிடிக்கிறான். ஏன் பிரிக்கவில்லை என்றால், சிரியஸை வெளியே வரவழைத்து ஆபத்தில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. அன்பினால் செய்த ஒன்றுதான் கடைசியில் அவரைக் கொல்ல உதவியது. கோபக்கார நாயகனை இந்தப் புத்தகம் தடவிக்கொடுக்கவில்லை, அவனிடமிருந்து முழு விலையையும் வாங்கிக்கொள்கிறது.

37-ம் அத்தியாயத்தில் அந்தக் கணக்கு டம்பிள்டோருக்கும் வருகிறது. ஹாரி அவர் அறையில் கையில் கிடைத்த வெள்ளிக் கருவிகளை எடுத்து அடித்து நொறுக்குகிறான். அவர் தடுக்கவில்லை. வேண்டுமானால் இன்னும் உடை என்கிறார், ஆனால் கதவைத் திறந்துவிடவில்லை. அவன் கேட்டாக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறார். சொல்லாமல் வைத்திருந்தது என் தப்பு என்று ஒத்துக்கொள்கிறார். கடைசியில் அவர் தாடியில் கண்ணீர் இறங்குவதை ஹாரி பார்க்கிறான். 2007-ல் வந்த படத்தில் அவன் பொருட்களை உடைக்கிற அந்தக் காட்சியே இல்லை. இவ்வளவு பெரிய புத்தகத்தை 138 நிமிடத்தில் அடக்கியிருக்கிறார்கள், எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், சரி. ஆனால் இதை விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பரிசாகக் கொடுத்த கண்ணாடியும் அந்தப் படத்தில் இல்லை.

புத்தகத்திலும் குறை உண்டு. ஹாக்ரிட் ராட்சதர்களைத் தேடிப்போன கதையும், அவர் தம்பி வருகிற இடங்களும் இழுவை. சோ என்கிற பெண்ணை எழுதியவர் சரியாகக் கவனிக்கவில்லை. செட்ரிக்கை இழந்தது அவளும்தானே, ஹாரியின் கோபத்துக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசியாவது அவள் அழுகைக்குக் கிடைத்திருக்கலாம். நூறு பக்கம் குறைத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலாண்டு விடுமுறையில் தொடங்குவது நல்லது. கதையிலும் அந்த வருடம்தான் அவர்களுக்கு பொதுத்தேர்வு, அந்தப் பதற்றம் நம் பிள்ளைகளுக்கு உடனே ஒட்டும்.

என் மாணவியிடம் புத்தகத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். அந்தக் கிண்ணம் உடைகிற இடம் வரைக்கும் படி, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் கொண்டுவந்து வைத்துவிடு என்று சொன்னேன். நேற்று வராந்தாவில் பார்த்தபோது பஸ் டிக்கெட் பதின்மூன்றாம் அத்தியாயத்துக்கு நகர்ந்திருந்தது. இம்போசிஷன் எழுதுகிற இடம். புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “மிஸ், கையில விழுந்த அந்த எழுத்து அப்புறம் மறைஞ்சிடுமா?” என்று கேட்டாள்.

மறையாது, ஆறாம் புத்தகத்திலும் இருக்கும் என்றேன்.